அளகம்மாவின் பால்

இது நடந்தது உண்மை. ஆனால் நாற்றம் முதலில் வந்ததா, பெயர் முதலில் வந்ததா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. தனியே இருந்து பலமுறை யோசித்திருக்கிறேன். ஒழுங்கு மாறிக்கொண்டே வருகிறது. நாற்றம் மட்டும் மாறவில்லை.

புளியங்குளத்துக்கு உள்ளே ஒரு பால் சேகரிப்பு நிலையம். பால் தருவோரின் பெயரையும் அளவையும் பதியும் கணினி அட்டவணை நான் செய்தது. பல ஆண்டுப் பதிவுகள் சேர்ந்ததும் அது படுத்துவிட்டது. தேடல் பெட்டியில் ஓர் எழுத்தை அடித்தாலே எல்லா வரிகளையும் துழாவும். திரை உறைந்துவிடும். நிலையத்தை நடத்திய கௌசலா அக்கா என்னை வரச்சொன்னார்.

“தம்பி, உம்மட பெட்டி ஒரு பேரைத் தேடி முடிக்க, மாடு அடுத்த கண்டும் போட்டிடும்.”

பகிடிதான். அவர் சிரிக்கவில்லை. காலையில் நல்லதாக வாங்கிய பால், இடைக்கிடை சில நாட்களில், பொழுதுபட, பால் சேர்த்துவைக்கும் தாங்கிக்குள் அழுகி நாறியது. யாருடைய பால் கெடுக்கிறது என்று மறுநாளுக்குள் சொல்லாவிட்டால் பால் வாங்கும் கம்பனி நிலையத்தை மூடிவிடும். அவருடைய வேலையும் போய்விடும்.

மழை இருட்டிய பின்னேரம் வேலையை முடித்தேன். அடிக்கும் விரல் ஓய்ந்த பிறகே தேடும்படி செய்தேன். திரையில் தெரியும் வரிகளை மட்டும் வரைய வைத்தேன். நாங்கள் ழ, ள இரண்டையும் ஒரே மாதிரித்தான் சொல்கிறோம்; தேடும்போது இரண்டையும் ஒன்றாக எடுக்கும்படியும் மாற்றினேன்.

அக்கா தேத்தண்ணீர் தந்தார். குடித்துக்கொண்டே, பால் கெட்ட நாட்களில் மட்டும் வந்துபோனவர் யார் என்று வடிகட்டினேன். உடனே ஒரு வரி வந்தது.

அளகம்மா.

அந்தப் பெயரைத் தேடினேன். இப்போது இரண்டு வரிகள். அளகம்மா. அதற்கு மேலே அழகம்மா... கணக்கு மூடப்பட்டது.

“ரெண்டும் ஒரே ஆளோ, அக்கா?”

“அழகம்மாக்கா செத்து ரெண்டு மாசம், தம்பி.”

“அப்ப இது ஆர்?”

அவர் பால் எடுக்கும் யன்னலைப் பார்த்தார். கூரையில் மழை.

“விடியப்புறம் யன்னலால ஒரு கை பால் கானை நீட்டும். பேர் கேட்பன். சொல்லுவா. உம்மட பெட்டி இறுகிப்போய் நிக்கும், தேடேலாது. அதே பேரில வேற ஆளாக்கும் எண்டு, கேட்டபடி புதுசா அடிச்சுவிட்டனான்.”

“முகம் பாக்கேல்லையோ?”

“வரிசையில சனம் நிக்கேக்க ஆர் முகம் பாக்கிறது?”

டக்...

யன்னல் பக்கம். தகர மூடியின் சத்தம்.

அங்கே பால் எடுப்பது காலையில் மட்டும்.

யன்னல் விளிம்பில் ஒரு பால் கான். வெளியே யாரும் இல்லை. மழையில் நனைந்திருந்தது... தொட்டால் சூடு.

மூடியைத் திறந்தேன். மஞ்சள் பாலாடை. அதன் கீழே, புண்ணில் வடிவதுபோல் இழை இழையாக... மாட்டு மயிர்... நெளியும் புழுக்கள்...

“அக்கா... தேத்தண்ணி எந்தப் பாலில போட்டனீங்கள்?”

“இண்டைக்கு வந்த பாலில.”

சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

திரை தானாக அசைந்தது.

அளகம்மா. புதிய வரி.

நான்கு லீற்றர்.

மறுநாள் அக்காவும் நானும் அழகம்மாவின் வீட்டைத் தேடிப்போனோம். பக்கத்துக் காணிக்காரர் ஐயாத்துரை எங்களை அழகம்மாவின் மாட்டுக் கொட்டிலுக்குக் கூட்டிப்போனார்.

“அவாவின்ர பிரேதத்தை எடுத்த அண்டைக்கு மாட்டை அவிழ்த்துவிட ஒருத்தருக்கும் நினைவு வரேல்லை. பிறகு நாறினது. காட்டுப்பண்டி ஏதும் செத்துக் கிடக்குது எண்டு நினைச்சம்.”

மாடு கட்டின கயிற்றோடு செத்துக் கிடந்தது. தோல் எலும்பில் காய்ந்து ஒட்டியிருந்தது. மடி மட்டும் நிறைந்து, ஈரமாக இருந்தது.

கம்பனிக்கு யாருடைய பெயரை எழுதுவது? கௌசலா அக்கா ஒன்றும் எழுதவில்லை. நிலையம் மூடப்பட்டது. அவர் இப்போது வவுனியாவில் ஒரு புடைவைக் கடையில் வேலைக்கு நிற்கிறார். ஐயாத்துரை கிடங்கு வெட்டி மாட்டைப் புதைத்தார். பிறகு தன் காணியை விற்றுவிட்டார். நான் பரந்தனில் இருக்கிறேன். அந்தத் தொழிலைச் செய்வதில்லை.