எழுதப்படாத நன்றிக் கடிதங்கள்

ஒரே பாடத்தில் இரண்டு முறை தவறிவிட்டேன். மூன்றாம் முறையும் தவறினால் டிப்ளோமாப் படிப்பிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள். என் ஆசிரியை வேலையும் நிரந்தரமாகாது. ரோனியோ இயந்திரத்தில் படியெடுத்த தாள்கள் மை மணந்த அந்தக் காலம் உங்களில் சிலருக்கு இன்னும் நினைவிருக்கும்.

ஒரு கல்வி ஆய்வைத் தருவார்கள். அதன் முடிவை எவ்வளவு நம்பலாம் என்று எழுத வேண்டும். நான் எழுதியதோ பாராட்டுமடல்! விரிவுரையாளர் சிரித்தேவிட்டார்.

"டீச்சர், நீங்க இத வாசிக்கேல்ல. கும்பிட்டிருக்கிறீங்க."

வீட்டுக்கு வந்து அழுதேன். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த என் கணவரும் விடவில்லை. "கோயில்ல வாசகம் வாசிச்சு வாசிச்சு, அச்சில வந்ததெல்லாம் உமக்கு வேதமாப் போச்சு." கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் மனுஷன் சொன்னது சரிதான்.

மூன்றாவது ஆய்வு, பின்தங்கிய பிள்ளைகளின் மாலை வகுப்பைப் பற்றியது. வருட முடிவில் வகுப்பிலிருந்த எல்லாரும் நன்றாக வாசித்தார்களாம். பத்துத் தரம் படித்தும் ஒரு குறையும் தெரியவில்லை. ஒப்படைக்க இரண்டே நாள்.

அந்தோனியார் கோயிலில் செவ்வாய்தோறும் நடக்கும் நவநாள் வழிபாட்டுக்குப் போனேன். கொட்டாஞ்சேனைத் தெருவெல்லாம் மழைவெள்ளம். தாள்களைச் சேலைத் தலைப்பில் பொத்தியபடி முழங்காலிட்டேன். "அந்தோனியாரே, என் கண்ணைத் திறந்துவிடும்" என்று விம்மினேன்.

வழக்கம்போல சுவாமியார், சனங்கள் அந்தோனியாருக்கு எழுதிப்போட்ட நன்றிக் கடிதங்களை வாசித்தார். ஒருவருக்குச் சுகம். ஒருவருக்கு வேலை. என் பக்கத்தில் அடுத்த வீட்டு மேரி அக்கா. நோயில் கிடந்த மகனுக்காக வருடம் முழுக்க மன்றாடியவர். மகன் போய்விட்டான். அவர் கடிதம் எழுதவில்லை.

திடுக்கிட்டேன். கிடைத்தவர்கள்தானே எழுதுகிறார்கள்! அப்படியென்றால் மாலை வகுப்பை இடையில் விட்ட பிள்ளைகள் எங்கே? அங்கேயே தாளைப் பிரித்தேன். சேர்ந்தவர்களில் பாதிப்பேர்கூட முடிவில் இல்லை. கடைசிவரை இருந்தவர்களை மட்டுமே சோதித்திருந்தார்கள்.

"அக்கா, விட்டுப் போனவங்கள ஒருத்தரும் எண்ணேல்ல!" என்றேன், என்னை மறந்து.

"ஓம் பிள்ளை," என்றார் மேரி அக்கா. "ஆர் எண்ணுறது?"

அதையே எழுதிக் கொடுத்தேன், மூன்றாம் முறை சித்தியடைந்தேன். ஓய்வு பெறும்வரை முந்தின நாள் வகுப்புக்கு வராத பிள்ளைகளின் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டேன். ஆண்டவருக்கு நன்றி! கேள்விகளோடும் அவரிடம் போங்கள், அவர் கோபிக்கமாட்டார்.

இது கேட்டுக் கிடைத்தவளின் சாட்சி. கேட்டும் கிடைக்காதவர்களே, நீங்களும் எழுதுங்கள். மேரி அக்கா அடுத்த செவ்வாயும் வந்தார். சாகும்வரை ஒரு செவ்வாயும் தவறவில்லை. அதை எந்தக் கடிதத்திலும் யாரும் வாசித்ததில்லை.