கத்தினால் வரும் பிளம்பர்

1

பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு பெரிய அபார்ட்மென்டுக்கு ஃபெசிலிட்டி மேனேஜராகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, பிளம்பர் முருகேஷ் டூல் பையைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டான்.

"நாளைலேருந்து வரல மேடம். பக்கத்து அபார்ட்மென்ட்ல கூப்புடறாங்க. இங்க ஆளாளுக்கு நாய் மாதிரி வெரட்டறாங்க."

எங்களிடம் இருந்த ஒரே பிளம்பர் அவன். மர்பி டவுன்காரன், கெட்டிக்காரன். அவன் போனால் அத்தனை வீட்டுத் தண்ணீரும் என் தலையில்தான் கொட்டும்.

"இந்த மாசம் மட்டும் சொல்ப பொறுத்துக்கோ முருகேஷ்" என்று கன்னடம் கலந்து கெஞ்சி நிறுத்தினேன். எதைச் சரிசெய்வது என்று எனக்கே தெரியவில்லை.

2

மறுநாள் சி பிளாக் ராகவன் சார் போனில் கத்தினார். ரிட்டயரான பேங்க்காரர். எதைக் கேட்டாலும் "சிரமம் இல்லேன்னா" என்று தொடங்குகிறவர். பதறிப்போய் நேரில் போனேன். அவருக்கே வெட்கமாக இருந்தது.

"குழாய் ஒழுகுதுன்னு நேத்து காலையிலேர்ந்து மெதுவாத்தாம்மா சொன்னேன், யாரும் வரல. பி பிளாக் நித்யா கத்தினா உடனே ஆள் வருது. அதான் நானும்..."

எனக்குச் சுருக்கென்றது. நான் பி.ஏ. சைக்காலஜி. பலன் கிடைக்கிற நடத்தை வளரும், கிடைக்காதது தேயும் என்று நடத்தையியல் பேப்பரில் பக்கம் பக்கமாக எழுதிப் பாஸ் பண்ணியவள். பெட்டிக்குள் இருக்கும் எலி லீவரை அழுத்தும், தீனி விழும். எங்கள் ஆபீசில் லீவர் போன், தீனி முருகேஷ். கத்துகிறவர்களிடமே அவனை ஓடவிட்டு, ஒரு சாதுவான மனிதரையும் கத்தப் பழக்கியிருந்தோம்.

அன்றே ரூல் போட்டேன். லிஃப்டில் யாராவது மாட்டினாலோ, வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தாலோ உடனே ஆள் போகும். மற்றதெல்லாம் சொன்ன வரிசைப்படி. கத்தினாலும் வரிசை மாறாது. பொறுமையாகச் சொன்னவர்களுக்கு, வேலை முடிந்ததும் நானே போன் செய்து நன்றி சொல்வேன்.

3

முதலில் நிலைமை இன்னும் மோசமானது. அதுவும் படித்ததுதான். தீனி நின்றதும் எலி லீவரைப் போட்டு உடைக்கும், அப்புறம்தான் விடும்.

நித்யா ஆபீசுக்கே இறங்கி வந்தார். கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. கம்பெனியில் பெரிய பதவி.

"ஏனுங்க, சிங்க் அடைச்சிருக்குன்னு சொல்றேன், நீங்க வரிசைங்கறீங்க? உங்க ஹெட் ஆபீஸ்ல பேசட்டுங்களா?"

"பேசுங்க மேடம். உங்களுக்கு முன்னாடி ரெண்டு வீடு இருக்கு."

முருகேஷ் என் பக்கம் குனிந்து, "நான் போயிட்டு வந்துடறேன் மேடம். உங்க வேலை போயிடப் போவுது" என்றான்.

"நீ ஏ பிளாக்குக்குப் போ" என்றேன். இப்போது அனுப்பினால், கீழே இறங்கி வந்து கத்த வேண்டும் என்றல்லவா அவர் கற்றுக்கொள்வார்.

ஹெட் ஆபீசிலிருந்து ஏரியா மேனேஜர் கூப்பிட்டார். "இன்னொரு கம்ப்ளைன்ட் வந்துச்சுன்னா, நீங்க வேற வேலை பாத்துக்க வேண்டியதுதான்." அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறே இறங்கவில்லை.

பிறகு மெல்ல மெல்லக் குரல்கள் தணிந்தன. சொன்னபடி ஆள் வருகிறது என்று தெரிந்ததும் கத்த வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. மாதக் கடைசியில் நித்யாவே போன் செய்தார். "ஏனுங்க, பாத்ரூம்ல சொட்டுதுங்க. நம்ம முறை எப்ப வருமுங்க?" போனை வைத்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். குடியிருக்கிறவர்கள் மோசம் என்று புலம்புவதற்கு முன், எதைக் கேட்டு நீங்கள் ஓடுகிறீர்கள் என்று பாருங்கள். அவர்கள் அதைத்தான் செய்வார்கள்.

நித்யா போன் செய்த அன்று மத்தியானம் முருகேஷ் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அபார்ட்மென்ட் மேனேஜர் அவனைப் போனில் கூப்பிட்டார். எப்போது வந்து சேரப்போகிறாய் என்று அவர் போட்ட அதட்டல் என் மேஜை வரை கேட்டது. "நான் வரல சார்" என்று சொல்லி முருகேஷ் போனைக் கட் செய்தான்.

"ஏம்ப்பா?" என்றேன்.

"அங்க போனா எல்லாரையும் மொதல்லேர்ந்து பழக்கணும் மேடம். யாரால ஆவும்?"