பீடத் துணியில் ஒரு சூட்டுத் தடம்

போன வாரம் ஒரு கல்யாணத்துக்குக் கட்டிக்கொள்ளப் பட்டுச் சேலை இரவல் கேட்டு மதினி வீட்டுக்குத் தங்கச்சிமடம் போயிருந்தேன். மதினி என் அண்ணன் மனைவி. பீரோவிலிருந்து சேலையை எடுத்தவள் அப்படியே கையில் கொடுக்கவில்லை. கூடத்து லைட்டைப் போட்டு, முந்தியிலிருந்து உள்மடிப்பு வரை விரித்து, இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினாள். "நல்லாப் பாத்துக்க. பொறவு அங்கன இருந்துச்சு இங்கன இருந்துச்சுன்னு சொல்லப்படாது." கூட வந்த என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துணியை விரிக்காமல் வாங்கியதால், நான் பிறந்த அந்த வீட்டில் மதினி பட்ட பாடு எனக்குத் தெரியும்.

எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் திருவிழாவுக்கு மட்டும் பலிபீடத்தில் விரிக்கிற பெரிய பீடத் துணி ஒன்று உண்டு. கெட்டி வெள்ளைப் பருத்தி, ஓரமெல்லாம் கைப்பின்னல். மற்ற நாளெல்லாம் அது யாராவது ஒருவர் வீட்டுப் பீரோவில் இருக்கும். வருடத்துக்கு ஒரு வீடு என்று முறை. திருவிழா முடிந்ததும் வைத்திருந்த வீட்டார் அதைத் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து மடித்து அடுத்த வீட்டுக்குக் கொடுப்பார்கள். வாங்குகிறவர்கள் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வைத்துவிட வேண்டும். கொடுத்தவர் எதிரில் விரித்துப் பார்த்தால் அவரைச் சந்தேகப்பட்டதாகிவிடும். எங்கள் முறை வந்த வருடம், அதுவரை வைத்திருந்த கோயில் உபதேசியார் மனைவி அதைக் கொண்டுவந்தபோது அம்மா ராமநாதபுரம் போயிருந்தாள். கல்யாணமாகி ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து வந்து சில மாதமே ஆகியிருந்த மதினிதான் வாங்கி வைத்தாள். ஊர் முறைப்படி விரிக்காமலேதான் வாங்கினாள்.

அடுத்த திருவிழா நெருங்கி, தேய்ப்பதற்காக அம்மா அதைக் கூடத்தில் விரித்தபோது, பின்பக்கமாகத் தொங்கும் ஓரத்தில் அந்தத் தடம் இருந்தது. உள்ளங்கை அகலம். படகின் அணியம்போல முன்னால் கூர்ந்து, பழுப்பாக. அம்மா எழுந்து போய், அண்ணன் குவைத்திலிருந்து கொண்டுவந்த அயன் பாக்ஸை எடுத்து வந்து அதன் மூக்கைத் தடத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது.

"எல்லா அயன் பாக்ஸுக்கும் மூக்கு இப்படித்தான் அத்தை இருக்கும்" என்றாள் மதினி.

"நான் ஒன்னைய ஒண்ணும் கேக்கலயே" என்றாள் அம்மா.

அம்மாவின் பேச்சுகளை நான் மனதில் சேர்த்து வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்று, "கேக்காம பதில் சொல்லுறவளையும் நம்பாத, கேட்டு முழிக்கிறவளையும் நம்பாத." அப்படிப் பார்த்தால் நம்புவதற்கு ஆளே மிஞ்சாது. அன்று மதினி முதல் வகையில் மாட்டிக்கொண்டாள். வந்த நாளிலிருந்து அவள் இடுப்பில் இருந்த பீரோச் சாவியை அம்மா கேட்டு வாங்கித் தன் முந்தியில் முடிந்துகொண்டாள். "அவன் லீவுல வரட்டும், பேசிக்கிறேன்" என்றாள். மதினியின் கை சாவி இருந்த இடத்தைத் தடவிவிட்டுக் கீழே இறங்கியது.

தடத்தைப் போக்கும் வேலையையும் மதினிதான் எடுத்துக்கொண்டாள். முதலில் நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்தாள். நூல் பொடிந்து வரவில்லை. "நூல் கருகல. மேலாகத்தான் சுட்டிருக்கு, எடுத்துரலாம்." பச்சைத் தண்ணீரில் நனைத்து, எலுமிச்சை மூடியைப் பிழிந்து, பொடி உப்பைத் தூவி, மாடி வெயிலில் போட்டாள். காயக் காயச் சாறு விட்டாள். பிறகு அலசிவிட்டு மறுபடி அதையே செய்தாள். தேய்க்கவே இல்லை. பிளீச்சிங் பவுடர் போடலாமா என்று நான் கேட்டதற்கு, "அது கறைய விட்டுட்டுத் துணியத் திங்கும்" என்றாள். எலுமிச்சைக்கு அசையாமல் நின்ற மஞ்சளுக்கு, புண் கழுவுகிற நுரைக்கும் மருந்தை வாங்கி வரச் சொன்னாள். எங்கள் ஊர் மெடிக்கலில் வாங்கினால் யாருக்குப் புண் என்று கேட்பார்கள் என்று அம்மா என்னைப் பாம்பனுக்கு பஸ் ஏற்றினாள். அதில் தண்ணீர் கலந்து, வெள்ளைத் துணியில் தொட்டுத் தொட்டு மதினி ஒற்றினாள்.

அக்கம்பக்கத்து மாடிகளுக்குத் தெரியாமலிருக்க, சுற்றிலும் போர்வைகளைக் காயப்போட்டு நடுவில் பீடத் துணி. காக்கை விரட்டும் சாக்கில் அம்மா கம்போடு உட்கார்ந்திருந்தாள். அவள் பார்த்தது காக்கையை அல்ல, மதினியின் கையை. கறை வெளுக்க வெளுக்க அம்மாவின் முகம் இருண்டது. என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள், "பழகின கையால்ல இருக்கு. எத்தனை துணியச் சுட்டாளோ, இம்புட்டுப் பக்குவம் தெரிய." படிக்கிற காலத்தில் போர்டிங்கில் சிஸ்டர்களின் வெள்ளை அங்கிகளைத் தேய்த்த பழக்கம் என்று மதினி சொன்னது அம்மா காதில் ஏறவில்லை. கறை போகாவிட்டால் சுட்டவள் என்பார்கள். போனால் சுட்டுப் பழகியவள் என்பார்கள். மதினிக்கும் அது புரிந்திருக்க வேண்டும். ஆனாலும் அவள் எலுமிச்சையைக் கீழே வைக்கவில்லை.

திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தின சாயங்காலம் கோயிலில் பீடத் துணியை விரித்தோம். தெரிந்தவர்கள் உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும், பால் சிந்திக் காய்ந்ததுபோல ஒரு நிழல். விஷயம் எங்கள் வீட்டைத் தாண்டவில்லை. பெண்களெல்லாம் முன்னால் பூ ஜோடித்துக்கொண்டிருக்க, உபதேசியார் மனைவி மட்டும் பீடத்தின் பின்னால் போனார். அங்குமிங்கும் தேடவில்லை. நேராக அந்த ஓரத்தைத் தூக்கினார். அந்த இடத்தையே விரலால் தடவினார். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். நிமிர்ந்தபோது எதிரில் அம்மா.

"என்னத்தத் தேடுறீக?"

"ஒண்ணுமில்ல, சுருக்கம் இருக்கான்னு பாத்தேன்."

"சுருக்கத்த முன்னாடி வந்து பாருங்க. பின்னாடி யாரு பாக்கப் போறா?"

அவர் துணியை விட்டுவிட்டுப் பூக்கூடைப் பக்கம் போனார். அம்மா அந்த ஓரத்தை நீவிச் சரிசெய்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முந்தியை அவிழ்த்துச் சாவியை மதினி முன்னால் வைத்தாள். மன்னிப்பெல்லாம் அம்மாவின் வாயில் வராது. "இந்தா, இடுப்புல குத்துது" என்றாள். மதினி சாவியை உடனே எடுக்கவில்லை. "வாங்க அத்தை" என்று பீரோவைத் திறந்து, உள்ளே இருந்த ஒவ்வொரு துணியையும் அம்மா முன்னால் விரித்துக் காட்டி, பார்த்தாயிற்றா என்று கேட்டு, மடித்து வைத்த பிறகுதான் இடுப்பில் செருகினாள். அம்மா தலையை ஆட்டிக்கொண்டே நின்றாள்.

திருவிழா முடிந்து அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும்போது பீடத் துணியை அம்மாவே வாசலில் விரித்தாள். வாங்க வந்தவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "எதுக்குக் காட்டுறீக? எதுவும் ஆகிப்போச்சா?" எங்கள் வீட்டில் ஏதோ கோளாறு என்று கொஞ்ச நாள் பேசினார்கள். மதினி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விரித்துக் கொடுப்பதை விடவும் இல்லை.

அதனால் போன வாரம் நானும் சேலையை நன்றாகவே பார்த்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் மதினிக்குப் பிடிக்காது. என் கண் தானாகப் பின்பக்க ஓரத்துக்குப் போயிற்று. அங்கே ஒன்றுமில்லை, சேலையின் நடுப்பகுதியில் ஓரிடத்தில் பழுப்பாக ஒரு கீற்று. சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டு விரலால் தொட்டேன்.

"மதினி, இது?"

மதினியின் முகம் மலர்ந்தது. "அப்படிக் கேளு. அது நான் சுட்டதுதான், போன கிறிஸ்மஸுக்கு. பட்டுக்கு எலுமிச்சை ஆகாது, அதான் அப்படியே விட்டுட்டேன். கொசுவத்துக்குள்ள போயிரும், கட்டிக்க."

அதற்குப் பிறகுதான் சேலையை மடித்து என் கையில் கொடுத்தாள்.