டீயோடு விழுங்கிய இரும்பு மாத்திரை

நடந்தது இவ்வளவுதான்:

1. ஆம்பூரில் என் அக்கா வேலை செய்யும் ஷூ கம்பெனியில் ரத்தப் பரிசோதனை முகாம் வைத்தார்கள். விரல் நுனியில் குத்தி, கையடக்கக் கருவியில் ஒரு சொட்டு விட்டு, ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தார்கள். பெண்களுக்குக் குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டும். அக்காவுக்கு 8.2.

2. குறைவாக இருந்த எல்லோருக்கும் தினம் ஓர் இரும்புச்சத்து மாத்திரை. வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் இவர்கள் சாப்பிட மாட்டார்கள் என்று கம்பெனியே முடிவு செய்து, காலை டீ இடைவேளையில் சூப்பர்வைசர் கண்முன்னால் டீயோடு விழுங்க வைத்தது.

3. மூன்று மாதம் கழித்து இரண்டாவது முகாம். அக்காவுக்கு 8.1.

4. மாத்திரையைத் துப்பிவிடுகிறாள் என்று தீர்ப்பானது.

5. அடுத்த முகாமிலும் ஏறவில்லை என்றால் தையல் மிஷினிலிருந்து இறக்கி, நூல் வெட்டும் ஹெல்பராகப் போடுவோம் என்று சொன்னார்கள்.

மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை என்ற கேள்வி இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. நான் எழுதாமல் விட்டதல்ல. யாரும் கேட்கவில்லை.

அக்கா பள்ளிக்கூடம் முடித்த கையோடு அந்தக் கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்தவள். மற்றவர்கள் தைப்பதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தாள். இப்போது ஷூவின் மேல்பாகத்தில் எந்த வளைவைக் கொடுத்தாலும் கோடு பிசகாமல் தைப்பாள். அவளை மறுபடி கத்தரிக்கோலும் கையுமாக நிற்க வைப்பது என்பது, நன்றாகப் படிக்கிறவளை ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைப்பது போல.

மாத்திரை விநியோகத்தை அக்கா எனக்கு நடித்தே காட்டினாள். டீ டம்ளரோடு எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். சூப்பர்வைசர் அம்மாள் ஒவ்வொருத்தியாக வருவார்.

"வாயத் தொற. நாக்கத் தூக்கு. ம், அடுத்தது."

"எங்க ஊட்டுக்காருகூட என் வாய இவ்ளோ நேரம் பாத்ததில்ல மேடம்" என்று பக்கத்து மிஷின்காரி ஒருத்தி சொல்ல, வரிசை முழுக்கச் சிரித்திருக்கிறது. அதற்கு மறுநாள் அவளுக்கு இரண்டு முறை வாய் சோதனை.

இரண்டாவது முகாமுக்குப் பிறகு சிரிப்பெல்லாம் போய்விட்டது. "இன்னாம்மா, மாத்திரய எந்தச் சாக்கடைல போடற? கம்பெனி உனுக்கு நல்லதுதான பண்ணுது?" என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். தினமும் விழுங்குகிறவளுக்கு அதை நிரூபிக்க வழி ஏது?

தெருவில் உள்ளவர்களின் மருத்துவத்தையும் சொல்லியாக வேண்டும். பீட்ரூட் சாப்பிடு, மாதுளை சாப்பிடு, தர்பூசணி சாப்பிடு. சிவப்பாக இருந்தால் அது ரத்தம் என்பது எங்கள் தெருவின் அறிவியல். அந்தக் கணக்கில் குங்குமத்தையும் கரைத்துக் குடிக்கலாம்.

நான் வேலூரில் ஒரு கிளினிக்கின் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். ஒரு சனிக்கிழமை அக்காவை பஸ் ஏற்றி அங்கே அழைத்துக்கொண்டு போனேன். எங்கள் டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு எழுதித்தந்த பரிசோதனைகளை நானே செய்தேன். கையை நீட்டும்போது அக்கா, "விரல் வேணாமா? அங்க மாட்டுமடிய கறக்கற மாதிரி பிதுக்குனாங்க" என்றாள். அப்படிப் பிதுக்கினால் ரத்தத்தோடு திசுநீரும் கலந்து வந்து அளவு பிசகும். முகாம் நடத்துகிறவர்களுக்கு இதைப் பயிற்சியின் தொடக்கத்திலேயே சொல்லித்தந்திருப்பார்கள். பயிற்சி வேறு, வரிசையைச் சீக்கிரம் முடிப்பது வேறு.

கை ரத்தக்குழாயிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.3. விரல் சொட்டு பெரிதாகப் பொய் சொல்லவில்லை. ஆனால் ஹீமோகுளோபின் மட்டும் பார்ப்பது, வண்டி நின்றுவிட்டது என்று சொல்வதோடு சரி. எதனால் நின்றது என்று அது சொல்லாது. சிவப்பணுக்களின் சராசரி அளவு 66. குறைந்தது எண்பது இருக்க வேண்டும். கண்ணாடித் தகட்டில் பார்த்தபோது அணுக்கள் சிறிதாக, நடுவில் வெளிறிக் கிடந்தன. சில பென்சில் போல நீண்டிருந்தன. பரம்பரைக் கோளாறு ஒன்றிலும் அணுக்கள் சிறுத்துப்போகும் என்பதால் ஃபெரிட்டின் பார்த்தோம். உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அளவை அது காட்டும். காய்ச்சலோ அழற்சியோ இருந்தால் அது பொய்யாக ஏறிக் காட்டும் என்பதால் அதற்கான பரிசோதனையும் சேர்த்துச் செய்தோம். அழற்சி இல்லை. ஃபெரிட்டின் 5. சேமிப்பு துடைத்து வைத்த பாத்திரம்.

டாக்டர் மாதவிலக்கைப் பற்றிக் கேட்டார். "ஜாஸ்திதான் மேடம். எல்லாருக்கும் அப்டித்தான?" என்றாள் அக்கா. எல்லோருக்கும் அப்படி இல்லை என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்குத் தனியாக மருந்து எழுதினார். பிறகு, "மாத்திரை போட்டும் ஏறலையே, எதோட போடறீங்க?" என்றார்.

"டீயோடதான். கம்பெனி டீ."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ரிப்போர்ட்டைப் பார்த்தேன்.

டீயிலிருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். குடல் உறிஞ்சிக்கொள்ள விடாது. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அக்கா நம்பவில்லை. பால் ஊற்றாத டீயில், கடையில் வாங்கிய ஓர் இரும்பு மாத்திரையைப் பொடித்துப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் டம்ளர் மை போலக் கறுத்துவிட்டது. அக்கா குனிந்து பார்த்தாள்.

"அடிப்பாவி. இது லைனிங் தோல்ல கத்திரி வெச்ச கறைடி."

ஷூவின் உள்பக்கம் வைக்கும் லைனிங் தோலை அவர்களுக்கு மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்தி அனுப்புகிறார்கள். அதிலும் இதே துவர்ப்புதான். ஈரம் பட்ட தோல்மேல் இரும்பு பட்டால் கறுத்துவிடும், தோல் வீண். அதனால் தையல் பகுதிச் சுவரிலேயே ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்கள்: லைனிங் மேல் கத்தரிக்கோல் வைக்காதீர்கள். அந்தப் போர்டுக்குக் கீழேதான் மாத்திரை வரிசை நிற்கிறது.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு, முகாமுக்கு ஏற்பாடு செய்த கம்பெனி வெல்ஃபேர் ஆபீசரைப் பார்க்கப் போனேன். அக்கா அறையின் ஓரமாக நின்றாள். உட்காரச் சொன்னது எனக்கு மட்டும். அவருக்குப் பின்னால் முகாம் போட்டோக்கள். எல்லாவற்றிலும் அவர்தான் நடுவில்.

"நீங்க டாக்டரா?"

"இல்ல சார். லேப் டெக்னீஷியன். டாக்டர் எழுதித் தந்தது இதுல இருக்குது."

அவர் ரிப்போர்ட்டைத் திருப்பி, வெறும் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு வைத்தார். "டீயில இன்னாம்மா இருக்குது? பால் இருக்குது. பாலு சத்துதான? எங்க கம்பெனி டீ திக்கா இருக்கும்."

"சார், ஈர லைனிங் மேல கத்திரி வெச்சா இன்னா ஆவும்?"

"கறுத்துடும்." அவருக்குத் தோல் நன்றாகத் தெரியும்.

"டீயும் மாத்திரையும் சேந்தா அதேதான் சார் ஆவுது."

"அது தோலு, இது உடம்பு. ரெண்டும் ஒண்ணா?"

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் தண்ணீரோடு கொடுக்கலாமே என்றேன். அதற்காக மிஷினை நிறுத்த முடியாது என்றார். வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாமே என்றேன். அப்புறம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வந்தால் எந்த வரிசையைக் காட்டுவது என்றார். இதை அவர் வெட்கப்படாமல், நியாயம் பேசுகிற குரலில் சொன்னார். கடைசியில் அக்காவைப் பார்த்து, "ஒழுங்கா முழுங்கும்மா. உன் தங்கச்சிய பேஜார் பண்ணாத" என்றார்.

கடையில் வாங்கித் தருகிறேன் என்றேன்; கம்பெனி கொடுப்பதைக் காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும் என்றாள் அக்கா. அதன் பிறகு அவர்கள் சொன்ன குற்றத்தை நிஜமாகவே செய்யத் தொடங்கினாள். மாத்திரையை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, தலையை அண்ணாந்து வெறும் டீயைக் குடிப்பாள். பிறகு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவாள். வாய் சுத்தமாக இருக்கும். நாள் முழுக்க ஊசிக்கும் தோலுக்கும் நடுவில் பழகிய விரல்கள் அவை; அவற்றைச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை. மாத்திரை கைக்குட்டையில் வீட்டுக்கு வரும். சாயங்காலம் வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாற்றோடு விழுங்குவாள். சாயங்கால டீ போனதற்கு மட்டும் என்னைத் தினமும் திட்டினாள்.

மூன்றாவது முகாமில் 10.9.

"பாத்தியா? ஒழுங்கா முழுங்குனா ஏறுது" என்றாராம் வெல்ஃபேர் ஆபீசர். அக்காவைப் பக்கத்தில் நிறுத்தி, கையில் டீ டம்ளரைக் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். அது இப்போது தையல் பகுதிச் சுவரில், கத்தரிக்கோல் போர்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அக்கா அதில் நன்றாகவே சிரிக்கிறாள். டம்ளரைப் பிடிக்காத கை மட்டும் மூடியிருக்கிறது.

இப்போதைய நிலை: அக்கா மிஷினில்தான் இருக்கிறாள். போன மாதம் எங்கள் பரிசோதனைக் கூடத்தில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 11.6, ஃபெரிட்டின் 14. சேமிப்பு நிரம்ப இன்னும் சில மாதம் மாத்திரை தொடர வேண்டும். அவள் வரிசையில் சிலர் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். பலர் பயந்துகொண்டு அங்கேயே விழுங்குகிறார்கள். கம்பெனி இன்னும் டீயோடுதான் கொடுக்கிறது.