தம்பியின் வலது காது

ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், அறுபத்திரண்டு வயதில், மெர்சிங் துறைமுகத்தில் படகேறி ஒரு தீவுக்கு, கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபா கற்கப் போனேன். தனியாகப் போகப் பயந்து, பாலோ ஊரில் இருந்த தம்பியையும் வற்புறுத்தி அழைத்துக்கொண்டேன்.

முதல் நாள் மூன்று முறை இறங்கினேன். மூன்று முறையும் மூச்சு முட்டுவதுபோல் பதறி மேலே வந்துவிட்டேன். மறுநாள் கடல் அசையவே இல்லை. படகுக்கடியில் நீர் கறுத்துக் கிடந்தது.

"அண்ணே, எனக்குச் சளி பிடிச்சிருக்கு. சளியோட இறங்கக்கூடாது, காது போயிடும்னு சொன்னாங்கல்ல?" என்றான் தம்பி.

"அலமாக், மூக்கு ஒழுகுனதுக்கா? பயமா இருந்தா கரையில உக்காந்து மீ கோரேங் சாப்பிடுலா."

யாருக்காவது சளி உண்டா என்று பயிற்சியாளர் கேட்டபோது, தம்பி வாய் திறக்குமுன் நான் இல்லை என்றேன்.

படகிலிருந்து தொங்கிய கயிற்றைப் பிடித்து இறங்கினோம். அன்று என் மூச்சு சீராக வந்தது. பாதி வழியில் தம்பி தன் காதைக் காட்டிக் கையை ஆட்டினான். வலிக்கிறது என்கிறான், எனக்குப் புரிந்தது. அவன் ஏறினால் எல்லாரும் ஏற வேண்டும். நான் ஏறினால் மறுபடி இறங்கமாட்டேன். முன்னால் போன பயிற்சியாளர் திரும்பிப் பார்க்குமுன், தம்பியின் கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். அவன் என்னை நம்பி வந்தான்.

படகில் ஏறியதும் அவன் வலது காதிலிருந்து ரத்தம் வடிந்தது. அந்தக் காது இன்றுவரை கேட்பதில்லை. அவன் காட்டிய சைகையை நான் கவனிக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான்.

உண்மையை ஒரே ஒரு முறை அவனிடம் சொன்னேன். அவனுடைய வலது பக்கம் உட்கார்ந்து, மெதுவாக.