களஞ்சியத்தில் ஓர் இருமல்

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம், அரையாண்டு லீவுக்குச் சித்தப்பா சிங்கவரத்துக்கு வந்தார். நைனாவின் தம்பி. சென்னையில் யாரிடமும் வேலை பார்க்காமல், தானே பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி இணையத்தில் ஏற்றுகிறவர். தானே கேட்டுக்கொள்கிறவர் என்பது நைனாவின் கட்சி. "இந்தப் பொங்கலோட சரி. பாட்டு வந்துச்சா, பாடு. இல்லன்னா ஒழுங்கா கம்பெனி வேலைக்குப் போயிடு" என்று வந்த அன்றே சொல்லிவிட்டார்.

சித்தப்பாவிடம் திட்டம் இருந்தது. செஞ்சிக் கோட்டைக்குள் ஒரு பழைய நெற்களஞ்சியம் இருக்கிறது. உள்ளே நின்று ஒரு வார்த்தை சொன்னால், அது சுவரெல்லாம் சுற்றிவிட்டுச் சாவகாசமாகத் திரும்பி வரும். அங்கே பாடிப் பதிவு செய்து பொங்கலன்று வெளியிட வேண்டும். வெட்டி ஒட்டினால் எதிரொலி அறுந்துவிடுமாம். பாட்டை ஒரே ஓட்டத்தில் பாடியாக வேண்டும். மைக் சிநேகிதரிடம் வாங்கிய இரவல். புது வருஷத்துக்குள் திருப்பித் தர வேண்டும். லீவுக் கூட்டம் வந்து சேர்வதற்கு முன், காலையில் கிடைக்கிற கொஞ்ச நேரம்தான் அமைதி.

பனியில் அவர் சைக்கிள் மிதிக்க, துண்டில் சுற்றிய மைக்கை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வருவார். இந்தப் பாட்டு ஓடினால் இன்னும் பத்துப் பாட்டு. அப்புறம் சொந்தமாக ஒரு வேன். ஊர் ஊராகப் போய்ப் பாடலாம். "முன் சீட்டு உனக்குத்தான் பாப்பா." ராஜகிரி மலையின் உச்சி மட்டும் பனிக்கு மேலே மிதக்கும். எனக்கு அந்த வேனின் நிறம்கூடத் தெரிந்துவிட்டது. நீலம்.

முதல் நாள் வௌவால் நெடியில் எனக்கு நிஜமாகவே இருமல் வந்தது. களஞ்சியம் அதை ஒன்றுக்கு நாலாகத் திருப்பித் தந்தது. மறுபடி தொடங்குவதற்குள் ஒரு பஸ் கூட்டம் உள்ளே வந்துவிட்டது. "பரவால்ல, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். அன்று மாலை அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பாட்டு முடிஞ்ச உடனே மெட்ராஸ் கெளம்பிடுவாரு."

அவ்வளவுதான், எனக்கு வழி தெரிந்துவிட்டது. பாட்டு முடியாவிட்டால் சித்தப்பா போகமாட்டார். மறுநாள் சரியாகக் கடைசி வரிக்கு வரும்போது இருமினேன். அதற்கு மறுநாளும் இருமினேன். என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போ என்று நைனா சொன்னார். நான் எதிரே உட்காராவிட்டால் தனக்குப் பாட்டே வராது என்றார் சித்தப்பா. அதில் எனக்குப் பெருமை வேறு.

மைக்கைத் திருப்பித் தர வேண்டிய கடைசி நாள் அவர் குரல் அப்படி அமைந்துவிட்டது. கூட்டமும் இல்லை. புறாக்கள்கூடச் சும்மா இருந்தன. பாட்டு சுவரில் ஏறி, கூரையில் தங்கி, மெதுவாக எங்கள்மேல் இறங்கியது. எனக்கே கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. ஆனால் கடைசி வரி வந்ததும் இருமினேன். நம்ப வேண்டுமே என்று இன்னும் நாலு சேர்த்து இருமினேன்.

சித்தப்பா மைக்கை அணைத்துவிட்டு என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். "இன்னா பாப்பா, இப்டி இருமுற? எம்மேலதான் தப்பு. இந்தத் தூசியில உன்ன இட்டாந்துட்டேன்." இன்னொரு தடவை பாட நேரம் இருந்தது. அவர் பாடவில்லை. நேராக டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லி, சிவப்பாக ஒரு மருந்து எழுதித் தந்தார். மைக் அன்று மாலையே சிநேகிதர் வீட்டுக்குப் போய்விட்டது.

பொங்கல் வரைக்கும் சித்தப்பா வீட்டிலேயே இருந்தார். நான் ஜெயித்துவிட்டதாகத் துள்ளிக்கொண்டிருந்தேன். மாட்டுப் பொங்கல் கழிந்து ஒரு காலையில், அவர் பையோடு செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நின்றார். நைனா பார்த்து வைத்த கம்பெனி வேலை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக அம்மாவிடம், "அண்ணி, பாப்பாவுக்கு மருந்த மட்டும் உடாம குடுங்க" என்றார்.

பஸ் நகர்ந்தது. அவர் எப்படியும் இறங்கிவிடுவார் என்று, இருந்த பலத்தையெல்லாம் திரட்டி இருமினேன். அவரை அந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டதே அந்த இருமல்தான் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.