படத்தில் விழுந்த முகம்

பேப்பரில் என் படம் இரண்டு முறை வந்திருக்கிறது. முதல் முறை முதுகு, இரண்டாம் முறை முகம். எங்கள் தெருவில் வேறு யாருக்கும் இந்தப் பெருமை கிடையாது, எதிர் வீட்டுக்காரி ஒருத்தியைத் தவிர. அவளுக்கு முதல் முறையே முகம் வந்துவிட்டது.

கும்மிடிப்பூண்டி லைனில் எங்கள் ஊர் தண்டவாளத்துக்குக் கிழக்கே இருக்கிறது. ஹைவே மேற்கே. கம்பெனி பஸ் ஹைவேயில் வந்து நின்று, எங்களை ஏற்றிக்கொண்டு தொழிற்பேட்டைக்குப் போகும். ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு போனால் பஸ்ஸைப் பிடிக்க முடியாது, கூட்ஸ் வண்டி ஒன்று வந்தால் கேட் எப்போது திறக்கும் என்று கேட் கீப்பருக்கே தெரியாது. அதனால் ஊரில் எல்லோரும் குறுக்கே கடப்போம். முன்பு களையெடுக்கப் போனவர்கள் மிதித்துப் போட்ட தடம் அது. கழனிகள் போய் கம்பெனிகள் வந்த பிறகும் தடம் மாறவில்லை. நடைமேம்பாலம் வேண்டும் என்று ஊரில் மனு கொடுக்காத ஆள் இல்லை.

எங்கள் கம்பெனியில் கார்களுக்கு ரப்பர் வளையம் செய்கிறார்கள். வளையத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பிசிறை வெட்டுவது எங்கள் வேலை. நானும் எதிர் வீட்டுக்காரியும் அடுத்தடுத்த மேசை. இருவரும் கான்ட்ராக்ட். பொங்கல் கழித்துக் கம்பெனி ரோலில் நிரந்தரமாக எடுப்போம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். எனக்கு அது சந்தோஷம், அவளுக்கு அது சாப்பாடு. அவள் வீட்டுக்காரர் செங்கல் சூளையில் வேலை பார்க்கிறார். மழை மாதங்களில் சூளை அணைந்துவிட்டால் அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

ஒரு காலையில் நாங்கள் கடந்துகொண்டிருந்தபோது யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். மறுநாள் பேப்பரில் வந்தது. நான் முன்னால் போகிறேன், நீலக் கோட்டின் முதுகில் கம்பெனி பெயர் பளிச்சென்று தெரிகிறது. அவள் தண்டவாளத்தின் மேல் ஒரு காலை வைத்து, பின்னால் வருகிறவளிடம் ஏதோ சொல்லத் திரும்பிச் சிரிக்கிறாள். கல்யாண ஆல்பத்தில்கூட அவ்வளவு நன்றாக விழுந்திருக்க மாட்டாள். கீழே ஒரு வரி: ‘ஆபத்தை உணராமல் தண்டவாளத்தைக் கடக்கும் பெண் தொழிலாளர்கள்.’

பேப்பர்காரர்களுக்கு இந்த மாதிரி சில வரிகள் தயாராக இருக்கும். சமூக ஆர்வலர்கள் வேதனை என்பார்கள். எங்கள் பக்கத்தில் சமூக ஆர்வலர் என்று ஒருவரையும் நான் கண்டதில்லை, ஆனால் அவர் வாரம் தவறாமல் வேதனைப்படுகிறார். எனக்கு எரிச்சல் வந்தது ‘உணராமல்’ என்ற சொல்லைப் பார்த்துத்தான். ஆபத்தை உணராமல் யார் கடந்தது? இடது பக்கம் பார்த்து, வலது பக்கம் பார்த்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டு கடக்கிறோம். அந்தப் படத்தை எடுத்தவரைவிட எங்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

கம்பெனியில் அன்று மத்தியானத்துக்குள் அந்தப் பேப்பர் பக்கம் போனில் எல்லோரிடமும் வந்துவிட்டது. சென்னை ஆபீசிலிருந்து சூப்பர்வைசருக்குப் போன் மேல் போன். கம்பெனி பெயர் பேப்பரில் இப்படி வரலாமா, சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரன் பார்த்தால் என்ன நினைப்பான், யார் மேல் நடவடிக்கை எடுத்தீர்கள், சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள். சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. சொல்லும்போது அவளைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார்.

நான் போய், “முன்னாடி போற ஆளு நான்தான் சார். கம்பெனி பேரு தெரியிறது என் முதுவுலதான்” என்றேன்.

“கம்முனு போம்மா. முதுவ வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? எல்லாத்துக்கும் அதே கோட்டு, அதே முதுவு. ஆக்ஷன் எடுத்தோம்னா ஒரு மூஞ்சி காட்டணும்” என்றார்.

கம்பெனிக்குக் கோபம் வந்தது என் முதுகால், வேலை போனது அவள் முகத்தால். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்த வாரமே தண்டவாள ஓரத்தில் ஆள் உயரத்துக்குக் கம்பி வேலி போட்டுத் தடத்தை அடைத்தார்கள். மனுவுக்கு வராத வெல்டிங் மெஷின் படத்துக்கு வந்துவிட்டது. மேம்பாலம் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. நாங்கள் கேட்டைச் சுற்றிப் போய்ப் பாதி நாள் பஸ்ஸை விட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு புதுவாயலுக்குப் போனேன். அந்தப் படத்தை எடுத்த நிருபர் அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பேப்பர் வேலை அவருக்குப் பகுதி நேரம்தான். நாலு கேள்வி நறுக்கென்று கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டு எழுந்து நின்றுவிட்டார். வேலை போன விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். டீ வரவழைத்தார். பிறகு போனை எடுத்து, தான் அனுப்பியதைக் காட்டினார். நீளமாகத்தான் எழுதியிருந்தார். மேம்பாலம் கேட்டு ஊர்க்காரர்கள் அலைந்தது, தள்ளியிருக்கும் சுரங்கப்பாதையில் எப்போதும் தண்ணீர் நிற்பது, கேட் மூடியே கிடப்பது, எல்லாம் இருந்தது.

“நான் ஒங்களுக்காகத்தான் எழுதனேன் தங்கச்சி. அங்க எடம் இல்லன்னு போட்டாவ மட்டும் வெச்சிட்டாங்க. அடியில இருக்கறது நான் எழுதுனதில்ல” என்றார்.

என் நாலு கேள்வியும் டீயோடு உள்ளே போய்விட்டது.

அவர் விடவில்லை. “இப்ப எழுதறேன் பாருங்க. போட்டாவால வேலை போச்சுன்னு ஒங்க பேரு, படம் எல்லாம் போட்டு எழுதறேன். மறுநாளே கூப்டு வேலை குடுப்பாங்க.”

நான் சரி என்று தலையாட்டினேன். அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

“வேணாண்ணா. ஒரு தபா பேப்பர்ல வந்ததுக்கே இந்த பேஜாரு. ரெண்டாவது தபா வந்தா, பேப்பர்காரி வர்றா பாருன்னு எந்தக் கம்பெனி கேட்லயும் வுட மாட்டானுங்க. இவனுங்க கூப்டாலும் எத்தினி நாளு வெச்சிக்குவானுங்க? என்னிய வுட்டுட்டு எழுதுங்க.”

அவர் யோசித்தார். அவள் சொன்னது சரி என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், வற்புறுத்தவில்லை. அவளை விட்டுவிட்டே எழுதினார். வேலி போட்டதால் பெண்கள் கேட்டைச் சுற்றி அலைகிறார்கள், பஸ்ஸை விட்டுச் சம்பளம் இழக்கிறார்கள் என்று இந்த முறை முழுச் செய்தியும் வந்தது. கம்பெனி பெயரும் வந்தது.

எழுத்துக்குப் பலம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணால் பார்த்தவள். பஸ்ஸைக் கேட் தாண்டி எங்கள் ஊருக்குள் விடுங்கள் என்று வருஷக்கணக்கில் கேட்டோம். டீசல் செலவு, ரோடு சின்னது, டிரைவர் ஒப்ப மாட்டார் என்று ஆயிரம் காரணம் சொன்னார்கள். செய்தி வந்து ஒரு வாரத்தில் பஸ் எங்கள் தெருமுனைக்கு வந்து ஹாரன் அடித்தது. ரோடு அதே ரோடுதான்.

அன்று சென்னை ஆபீசிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். நிருபரையும் அழைத்திருந்தார்கள். எங்களை வரிசையாக நிற்க வைத்து, என்னை முன்னால் தள்ளி, சிரிக்கச் சொன்னார்கள். ‘செய்தி எதிரொலி’ என்று கட்டம் கட்டி அந்தப் படம் வந்தது. அதை வெட்டிக் கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். பொங்கல் கழித்து என்னை ரோலில் எடுத்தார்கள். நிருபர் படம் எடுத்துவிட்டுப் போகும்போது என்னிடம், “அவங்களுக்கு ஏதாச்சும் ஆச்சா?” என்று மெதுவாகக் கேட்டார். அவரும் வேறென்ன செய்வார்?

நான் சூப்பர்வைசரிடம் கேட்டுப் பார்த்தேன். “பஸ் பிரச்சினைதான் தீந்துபோச்சே சார். அவள மறுபடி எடுத்துக்கலாமே.”

“எடுத்தா, அன்னிக்கி நிறுத்துனது தப்புன்னு ஆயிடும்மா. அதையும் எழுதுவானுங்க” என்றார்.

தப்பைத் தட்டிக் கேட்கத்தான் பேப்பர். அதற்குப் பயந்தே ஒரு தப்பைத் திருத்தாமல் வைத்துக்கொள்ளலாம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அவளுக்கு இப்போது புதுவாயலில் ஒரு நாஷ்டா கடையில் வேலை. மாவரைத்து, காய் நறுக்கி, பாத்திரம் கழுவ வேண்டும். விடியற்காலையில் இட்லிக்கு ஒரு முறை, பிறகு வீட்டுக்கு வந்து சமைத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு மறுபடி ஒரு முறை நடக்கிறாள். அந்த இரண்டாவது நடை எங்கள் பஸ் கிளம்பும் நேரம். கேட் ரோட்டில் அவள் ஓரமாக நடந்துகொண்டிருப்பாள், நாங்கள் தாண்டிப் போவோம். அவள் கையாட்டுவாள். நானும் ஆட்டுவேன். தனக்கு வருத்தம் இருந்ததாக அவள் ஒருநாளும் காட்டியதில்லை. பேப்பரில் என் முகம் வந்த அன்றும் வந்து பார்த்துவிட்டு, “நல்லா விழுந்துகீறக்கா” என்றுதான் சொன்னாள்.

சென்ற சித்திரையில் ஒரு நாள் காலையிலேயே நல்ல வெயில். தார் ரோடு கொதிக்கிறது. அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போகிறாள். பஸ்ஸில் பாதி சீட்டு காலி. நான் எழுந்து டிரைவரிடம் போனேன்.

“அந்தப் பொண்ண ஏத்திக்கோணா. புதுவாயல்ல எறக்கி வுட்டுடலாம். நம்ம போற வழிதான்.”

அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான், அவளை நன்றாகத் தெரியும். வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்கினார். அவள் நிறுத்தப் போகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள்.

“ஐடி கார்டு இல்லாத ஆள ஏத்தனா தப்பும்மா. எவனாச்சும் போட்டா புடிச்சி பேப்பர்ல போட்டுட்டா என் பொழப்பு இன்னா ஆவறது?” என்றார் அவர். கியரை மாற்றினார்.

நான் வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. பஸ் கிளப்பிய தூசி அவள் மேல் படிந்து, திரும்பி உள்ளேயும் அடித்தது. பின் சீட்டிலிருந்து யாரோ, “அக்கா, தூசி வருது” என்றாள். ஜன்னலைச் சாத்தினேன்.